மாடு தின்ற கடைசி அத்தியாயம்

கொதிக்கிற கரும்புச்சாற்றின் வாசனையும் மாத நாவலின் மட்டமான காகித வாசனையும் ஒன்றாகக் கலந்தால் என்ன வருமோ, அதுதான் எனக்குச் சரித்திரத்தின் வாசனை. இன்றும் நகரத்துப் புத்தகக் கடைகளில், செங்கல் கனத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் சதிக்கதைகளில் ஒன்றை எடுத்து விரித்தால் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுகிறேன். கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கரும்புப்பாகு வாசனை இல்லாத புத்தகத்தில் வரும் எந்த ராஜாவையும் என்னால் முழுசாக நம்ப முடிவதில்லை என்று அவர்களிடம் எப்படி விளக்குவது?

சதிக்கதை என்று நான் சொல்வது ஒரு தனிச் சாதி. அதில் ஓர் உண்மையான ராஜா இருப்பார், உண்மையான ஒரு கோட்டை இருக்கும், உண்மையாகவே ஒரு போர் நடந்திருக்கும். அந்த மூன்று உண்மைகளுக்கும் நடுவே பொய்யான கடிதம் ஒன்றைச் செருகிவிடுவார்கள். அந்தக் கடிதத்தைக் காக்க ஒரு ரகசியக் கூட்டம், அந்தக் கூட்டத்தை நூறு வருஷம் கழித்துத் துரத்த மியூசியத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், அவனோடு ஓடுவதற்கு ஒரு பெண், முதல் அத்தியாயத்தில் காபி வாங்கிக் கொடுத்துக் கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கி நீட்டும் ஒரு பேராசிரியர். நான் பிற்பாடு அடிக்குறிப்பு போட்ட நிஜச் சரித்திரப் புத்தகங்களையும் நிறையவே படித்தேன். படித்தவன் என்று ஊரில் பெயரும் இருக்கிறது. ஆனால் நிஜச் சரித்திரத்தில் கதவுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. அது அதன் பெரிய குறை.

இந்த வியாதி எனக்குச் சித்தப்பாவிடமிருந்து ஒட்டியது. அப்பாவின் தம்பி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கரும்பை வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்கு ஓட்டிப்போவது அவர் வேலை. போகும்போது பாரம், வரும்போது நாவல். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் துணி காயப் போட்ட மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். என் அப்பா அவற்றுக்கு வைத்திருந்த பெயர் "தண்டப் பொஸ்தகம்". சித்தப்பா வைத்திருந்த பெயர் "ஸ்டடி". அந்த ஸ்டடியின் பலனாக எங்கள் வீட்டில் அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து உளுந்து டப்பா வெளியேற்றப்பட்டது.

நான் ஏழாவது படித்த வருஷம், அரையாண்டுப் பரீட்சை லீவில், சித்தப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆலை வாசலில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றால் எடைமேடைக்குப் போய்ச் சேர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். நாற்பது வண்டிகளாவது நிற்கும். மாடுகளை அவிழ்த்துக் கரும்பின் நுனிக் கொழுந்தாடையைப் போட்டுவிட்டு, வண்டிக்காரர்கள் வண்டியின் அடியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற வண்டி மாதையனுடையது. அது தற்செயல் என்று நான் நினைத்தேன். சித்தப்பா விடியலிலிருந்து மூன்று வண்டிகளை வழிவிட்டு முன்னே அனுப்பிவிட்டு, மாதையன் வண்டி வந்த பிறகே அதன் வாலைப் பிடித்து வரிசையில் நுழைந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மாதையன் பென்னாகரம் ரோட்டுப் பக்கத்து விவசாயி. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சித்தப்பாவுக்கு மாமன் முறை, எனக்குத் தாத்தா முறை. அவருடைய ஒரே மகள் சாலம்மாவைச் சித்தப்பாவுக்குக் கேட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது "கை நனைக்கிறது" என்று ஒன்று உண்டு. பெண் வீட்டுக்குப் போனவர்கள் முடிவாகும் வரை தண்ணீரோடு எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தண்ணீரோடு திரும்பியிருந்தார்கள். தை பிறந்ததும் மூன்றாவது தடவை போவதாக ஏற்பாடு. அதற்குள் மாதையனின் மனசில் ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்று சித்தப்பா அவருடைய மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், வைக்கோல் உதறினார், சொல்லாத ஜோக்குக்கும் சிரித்தார். ஒன்றும் எடுபடாமல் கடைசியில் தன் சொத்தையே அடமானம் வைப்பதுபோல், அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலை எடுத்து நீட்டினார்.

"எனக்கு எழுத்து வராதுப்பா பெருமாளு. கையெழுத்து மட்டுந்தான்" என்றார் மாதையன்.

"பையன் படிப்பானுங்க மாமா. நீங்க கேளுங்க."

இப்படித்தான் நான் அரங்கேறினேன். அட்டை கிழிந்துபோன புத்தகம் அது. பழைய விலைக்கு வாங்கியது. தலைப்பு என்ன, எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னுரையின் பின்பாதி மட்டும் இருந்தது. அதில், "இக்கதையில் வரும் சரித்திரச் செய்திகள் அனைத்தும் உண்மை, மற்றவை கற்பனை" என்று போட்டிருந்தது. எது சரித்திரச் செய்தி, எது மற்றவை என்று போடவில்லை. மைசூர் சுல்தானின் கோட்டை விழுந்த அன்று, அவருடைய தளபதிகளில் ஏழு பேர் கஜானாவின் ஒரு பங்கோடு மலைகளுக்குள் இறங்கி, ஏழு ஊர்களில் ஏழு குடும்பங்களாக உழுது பிழைத்தார்கள் என்பது கதை. ஆறு குடும்பங்களை மியூசியத்து இளைஞன் கண்டுபிடித்துவிடுவான். ஏழாவது குடும்பம் எங்கே?

முதல் பக்கம் முடிவதற்குள் மாதையன் கையைத் தூக்கினார். "நிறுத்து கண்ணு. இது நெசமா, கதையா?"

"ரெண்டுந்தானுங்க தாத்தா."

"ரெண்டும்னா எப்பிடி? பால்ல தண்ணி கலந்தாப்பலயா, தண்ணியில பால் கலந்தாப்பலயா?"

பக்கத்து வண்டிகளின் அடியிலிருந்தும் தலைகள் நீண்டன. வெயிலில் வேலையில்லாமல் கிடக்கும் நாற்பது பேருக்கு இது பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன்: உண்மையான வாக்கியத்தைப் படிக்கும்போது வலது கை சுட்டு விரலைத் தூக்கிக்கொள்வேன், கதை வந்தால் மடக்கிக்கொள்வேன். எது உண்மை என்பதைத் தீர்மானிக்க நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். வருஷம் போட்டிருந்தால் உண்மை. பெண் வந்தால் கற்பனை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சி முறைகளைப் பற்றிப் படித்துவிட்டேன். இவ்வளவு தெளிவான ஒன்றைப் பார்க்கவில்லை.

ஒன்றரை நாள் படித்தேன். விரல் தூக்கும்போது வரிசையே "ஓ" என்றது. மாரண்டஹள்ளி வண்டிக்காரர் ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் "ஹௌதா, ஹௌதா!" என்று, அப்படியா என்ற அதிசயத்தோடு, தொடையைத் தட்டினார். வண்டி நகர வேண்டிய நேரத்தில்கூட, "இரப்பா, பேராசிரியரு வந்துட்டாரு" என்று பின்னால் இருப்பவர்களை அடக்கினார்கள். மாதையன் எனக்கு ஒரு முழுக் கரும்பை உடைத்துக் கொடுத்தார். சித்தப்பாவைப் பார்த்து முதல் தடவையாக, "உங்கூட்டு ஆளுங்க வெவரந்தான்" என்றார். சித்தப்பாவின் காது சிவந்தது.

அந்தக் கரும்புதான் வினை. சாறு ஒழுகிய கையோடு கடைசி முப்பது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, ஏழாவது குடும்பத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் சபலத்தை அடக்கி, புத்தகத்தை வண்டிப் பாரின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாதையனின் செவலை மாடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு காகிதத் துண்டு தொங்கியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அதையும் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து ஏழு குடும்பங்களின் ரகசியத்தையும் முழுசாக அறிந்த ஒரே ஜீவன் அந்த மாடுதான்.

டீ குடித்துவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா டோக்கன் விஷயமாக எடைமேடைக்குப் போயிருந்தார். "ம், ஆரம்பி கண்ணு" என்றார் மாதையன். மாடு தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் மாடு. சம்பந்தம் பேசும் இடத்து மாட்டைக் குறை சொல்வதா என்று ஒரு நாகரிகம் குறுக்கே வந்தது. அதைவிடப் பெரிய உண்மை, நாற்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுகத்தை விட எனக்கு மனசில்லை. மிச்சமிருந்த புத்தகத்தின் கடைசித் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

மியூசியத்து இளைஞன் ரயிலேறி நேரே தர்மபுரிக்கு வந்தான். அவனை வேறெங்கு அனுப்ப? எனக்குத் தெரிந்த ஊர் அவ்வளவுதான். ஏழாவது தளபதி ஒரு நடுகல்லின் அடியில் பங்கைப் புதைத்துவிட்டு, அடையாளத்துக்காக அந்தக் கல்லில் இருந்த வீரனின் வாள் நுனியை உடைத்துவிட்டுப் போனான் என்று படித்தேன். எங்கள் ஊர் எல்லையில் நாங்கள் "வேடியப்பன்" என்று கும்பிடும் வீரன் கல் ஒன்று உண்டு; அதில் வாள் நுனி இல்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன். சொல்லும்போது, கடவுள் என்னை மன்னிக்கட்டும், விரலைத் தூக்கினேன்.

வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம். அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம், எங்கள் மாவட்டத்தில் வேடியப்பன் கல் இல்லாத ஊரே அபூர்வம்; வாள் முழுசாக இருக்கிற வேடியப்பன் அதைவிட அபூர்வம். நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் மெல்லக் கனைத்தார். "கல்லுக்கு வலப்பக்கம் வேப்பமரம் ஏதாச்சும் இருக்குதுன்னு போட்டிருக்குதா?"

"புளியமரங்க" என்றேன். இரண்டு மூன்று முகங்கள் வாடின. மாதையனின் முகம் வாடவில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, புதிதாக ஒரு தினுசில் கட்டிக்கொண்டார். சித்தப்பா திரும்பி வந்து நீட்டிய டீயை அவர் வாங்கவில்லை.

அடுத்த வாரமே மாதையன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தையில் நீங்கள் வர வேண்டாம், பெண்ணுக்கு இன்னும் நேரம் கூடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தார்கள், சனியைத் திட்டினார்கள். சித்தப்பா புதிதாக வாங்கிய நாவலின் முதல் பக்கத்தையே மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடத் துக்கமான காட்சியை நான் பார்த்ததில்லை. சனி நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மறு ஞாயிற்றுக்கிழமை லோடுக்கு நானும் தொற்றிக்கொண்டு போனேன். மாதையன் ஆள் மாறியிருந்தார். வயலுக்கே செருப்பு போட்டுக்கொண்டு போகிறாராம். தன் ஊர் வேடியப்பன் கல்லைச் சுற்றி முள்வேலி கட்டிவிட்டாராம். "எங்க வம்சம் உழுவற வம்சமே இல்லப்பா. தளபதி வம்சம். வண்டி ஓட்டறவனுக்குப் பொண்ணு குடுக்கறதான்னு ரோசனையா இருக்குது" என்று வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆலை வரிசையில் அவரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "தாத்தா, அந்தக் கல்லு சங்கதி பொஸ்தகத்துல இல்லீங்க. நானே சொன்னது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பரிவுதான் இருந்தது. நாலா பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார். "யாரு வந்து உன்னய மெரட்டுனாங்க?"

"யாரும் மெரட்டலீங்க."

"மெரட்டுனவங்க அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாங்க. பேராசிரியரா?"

"அய்யோ, பேராசிரியரே கதைங்க தாத்தா!"

"அதான் கல்லு வந்தப்ப நீ வெரலத் தூக்குனியே" என்றார், வழக்கு முடிந்துவிட்டதைப் போல. மறுக்க மறுக்க ஊர்ஜிதமாகும் ஒரு பொய்யை நான் அன்றுதான் முதலில் சந்தித்தேன். பிற்காலத்தில் அந்த இனத்தோடு நல்ல பழக்கம் ஏற்பட்டது.

வண்டிக்குப் பின்னால் போய் அழுதுகொண்டு நின்றேன். அப்பனுக்குத் தூக்குப்போசியில் களி கொண்டுவந்திருந்த சாலம்மா என்னைப் பார்த்துவிட்டது. பத்தாவது வரை படித்த பெண்.

"நீதானா அந்தக் கதை படிச்சவன்? கடைசிய எங்க மாடுதானே தின்னுச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பிடிங்க தெரியும்?"

"ரெண்டு நாளா சாணியில எழுத்து வந்துச்சு. மாட்டுக் கொட்டாய் கூட்டறவளுக்குத் தெரியாதா?" போசியைக் கீழே வைத்தது. "ஏண்டா, உங்க சித்தப்பன் வூட்ல பத்துப் பொஸ்தகம் இருக்குதாமே, நெசமா?"

"பத்தா? அம்பத்தி மூணு!"

அந்த எண் சாலம்மாவின் முகத்தில் செய்த வேலையைப் பார்த்தபோது, சித்தப்பா இத்தனை நாள் தவறான ஆளின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கே பட்டது.

"எங்கப்பன் கிட்ட போயி பொய்யின்னு சொன்னா நம்பாது. அழிக்கப் பாக்காத. மேல ஒரு பக்கம் சேத்துப் படி" என்றது. அங்கேயே நின்று, களி ஆறுவதற்குள் அந்தப் பக்கத்தைச் சொல்லியும் கொடுத்தது. எழுத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான்.

மத்தியானம், இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று அறிவித்தேன். சித்தப்பாவின் வண்டியிலிருந்த ஏதோ குடும்ப நாவலை விரித்துப் பிடித்துக்கொண்டேன். உடைந்த வாள் வைத்த கல் ஒன்றில்லை, இரண்டு. ஆறாவது குடும்பத்து ஊரிலும் ஒன்று இருக்கிறது. ஏழாவது வீட்டுப் பெண்ணை ஆறாவது வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது தளபதிகளின் சத்தியம். கொடுத்த பிறகு இரண்டு கல்லையும் யாரும் தோண்டக் கூடாது, ஏனென்றால் புதையல் அந்தப் பெண்தான். கடைசி வரியைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "அந்த மாதிரி ஒரு வரி இருந்தாத்தான் இவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்று சாலம்மா சொல்லியிருந்தது. வந்தது. வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தையில் எங்கள் தாலுகாவில் மேலும் இரண்டு சம்பந்தங்கள் முடிந்ததாகக் கேள்வி. நான் உரிமை கோரவில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மாதையன் எங்கள் ஊருக்கு வந்தார், செருப்போடு. வீட்டுக்குள் நுழையாமல் நேரே வேடியப்பனிடம் போனார். கல்லைச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார். வாள் முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்பா, சித்தப்பா, நான், ஊரார் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சரி என்று அவர் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் திரும்பி, சித்தப்பாவைக் கேட்டார்: "ஏம்பா பெருமாளு, இது எப்ப ஒடஞ்சுதுன்னு உங்க ஊர்ல ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

சித்தப்பாவிடம் நான் எதையும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை, அவர் பொய்களைப் படிப்பாரே தவிரச் சொல்ல வராது.

"நாந்தாங்க மாமா ஒடச்சேன்" என்றார். "சின்னப்பையனா ஆடு மேய்க்க வந்தப்ப, அருவா தீட்டறதுக்கு இந்தக் கல்லு நல்லா இருந்துச்சு. தீட்டித் தீட்டி நுனி பேந்துக்கிச்சு. எங்கப்பன் கிட்ட அடி வாங்குனேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து புதையலோடு புதையலாகப் போய்விடலாம் போல இருந்தது. மாதையன் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தோம்.

"எங்கூர்ல நாந்தாண்டா ஒடச்சேன்!" என்றார். சிரிப்பில் வார்த்தை சரியாக வரவில்லை. "இதே அருவாதான்! இதே ஆடுதான்! எங்கப்பனும் வெளுத்தெடுத்துச்சு. தெரிஞ்சுகிட்டே ஒரு மாசமா வேலி கட்டிட்டு உக்காந்திருக்கேன் பாரு!"

எழுந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "காலக் கடிக்குது இந்தச் சனியன்" என்றார். வீட்டு வாசலுக்கு வந்து, என் அம்மாவைப் பார்த்து, "என்னா கண்ணு, தண்ணி மட்டுந்தான் குடுப்பீங்களா? சோறு ஆக்கலியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டில் பெண்ணின் அப்பனே முதலில் வந்து கை நனைத்த கதை எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். வைகாசியில் கல்யாணம். சாலம்மா வந்த மறுநாளே அலமாரியின் இரண்டாவது தட்டிலிருந்து பருப்பு டப்பாவும் வெளியேறியது.

இப்போது ஆலைக்கு மாட்டு வண்டி போவதில்லை. டிராக்டரும் லாரியும் போகின்றன, அவற்றின் அடியில் யாரும் துண்டு விரிப்பதில்லை. நாவல் தொங்கிய கடையில் போனுக்கு உறை தொங்குகிறது. மாதையன் போய்ப் பல வருஷமாகிறது. பெரிய பதிப்பகங்கள் போடும் சதிக்கதைகளை நான் இன்னும் வாங்குகிறேன், மூன்றாவது அத்தியாயத்திலேயே பேராசிரியரைக் கண்டுபிடித்துவிடுகிறேன், இருந்தும் கடைசிப் பக்கம் வரை ஓடுகிறேன். நடுவில் நானும் எழுத்தாளனாகி, நகைச்சுவைக் கட்டுரை என்ற பெயரில், சத்தியமாக நடந்தவற்றை மட்டும் எழுதிப் பிழைக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சாலம்மா சித்தி என் புதுப் புத்தகத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்து முடித்தது. சித்தப்பா பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"நல்லாத்தான் எழுதற" என்றது சித்தி, கண்ணாடியைக் கழற்றியபடி. "அத்தனையும் நெசம்னு எனக்கே தெரியுது. ஆனா ஒண்ணக்கூட நம்ப முடியலியேடா."